சிலையின் விரல் காட்டிய திசை

அந்த வெள்ளிக்கிழமை போன் அடிக்கவில்லை.

புளுகுராணி இரண்டாவது காபியையும் குடித்து முடித்துவிட்டாள். அது ஆபீசில் அவளுக்கு வைத்த பெயர். வாரப் பத்திரிகையில் ‘அப்புறம் என்ன ஆச்சு?’ பகுதியை எழுதுகிறவள் அவள்தான். மக்கிப்போன பேப்பர் கட்டிலிருந்து ஒரு தலைப்புச் செய்தியை உருவி, அதன் பின்விளைவைக் கூசாமல் புளுக வேண்டும். ‘அமைச்சரின் கவிதை நூல் அன்றே விற்றுத் தீர்ந்தது’ என்று ஒன்று சிக்கினால் போதும். மறுநாளிலிருந்து அவர் இலாகாவில் லீவு லெட்டர்கூட எதுகை மோனையோடு இருந்தால்தான் கையெழுத்தாகும் என்று அடித்துவிடுவாள்.

பத்திரிகை வந்ததும் முதலில் படிப்பவர் அவள் புருஷனின் சித்தப்பா. படித்த கையோடு போன். “மருமகளே, லீவு லெட்டர்ல சிரிச்சேன். கடைசி பாரா சவசவன்னு இருக்கு, உப்பு பத்தல.”

ஆசிரியர் ‘பிரமாதம்’ என்றால் பக்கம் நிரம்பிய சந்தோஷம். புருஷன் படிப்பதே இல்லை. சின்ன மாமனார் எங்கே சிரித்தார் என்று தெரிந்தால்தான் அவளுக்கு வெள்ளிக்கிழமை விடியும்.

“உங்க சித்தப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

புருஷன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். “யாருக்குத் தெரியும்? இந்த வாரம் என்ன புளுகுனே?”

அவள் பத்திரிகையை நீட்டினாள். ‘தலைவர் சிலையின் விரல் எதிர்க்கட்சி அலுவலகத்தைக் காட்டுகிறது: சிற்பியிடம் விசாரணை.’ இதுதான் பழைய செய்தி. அதற்கு மேல் அவள் விட்ட சரடு: எதிர்க்கட்சி ஆபீசை மாற்றியது. புது இடத்துக்குப் போனாலும் விரல் தங்களையே காட்டுவதாக அவர்களுக்குப் பட்டது. விரலை வெட்டினார்கள். கை முஷ்டியாகிவிட்டது. தலைவர் யாரைக் குத்தப் போகிறார் என்று ஆளுங்கட்சிக்குக் கிலி. கடைசியில் ஆளுங்கட்சியே விரல் அணி, முஷ்டி அணி என்று இரண்டாக உடைந்தது. முடிவு வரி: ‘சிற்பி என்ன ஆனார் என்கிறீர்களா? அவரை யார் கேட்டார்கள்?’

படித்தவன் ஒரு கால் ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“அந்தச் சிலையச் செஞ்சதே சித்தப்பாதான்.”

“மாவுக்கட்டு போடற சித்தப்பாவா?”

“அதுக்கு முன்னாடி சிற்பி. வீட்ல யாரும் அதப் பேசமாட்டோம். ஊர்ல இருக்கிற பேப்பர் எல்லாத்தையும் விட்டுட்டு நீ இதப் போய்த் தோண்டுவேன்னு யாரு கண்டா?”

அவளுக்குத் தன் மணிக்கட்டு ஞாபகம் வந்தது. அது முறிந்தபோது கட்டுப் போட்டவர் அவர்தான். அத்தனை வழவழப்பு. கழற்றவே மனசு வரவில்லை என்று வீடு முழுக்க ஜோக்கடித்துக்கொண்டு திரிந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரித்தாரா? ஞாபகமில்லை.

அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே போனாள். மாவுக்கட்டு அறைக் கதவு திறந்தே இருந்தது. சின்ன மாமனார் ஒரு குண்டு மனிதரின் முழங்கையில் ஈரத்துணியைச் சுற்றி, உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார்.

“சின்ன மாமா, இன்னிக்குப் போனே வரலையே.”

“கை ஈரம்மா.”

“சத்தியமா எனக்குத் தெரியாது மாமா.”

“எப்படித் தெரியும்? பேப்பர்ல என் பேரே போடலையே.” அவர் நிமிரவில்லை. “முஷ்டி அணி நல்லா இருந்துச்சு. ஆனா நடந்தது அதைவிடக் கூத்து. நான் பள்ளிக்கூடத்தப் பார்த்துத்தான் கைய நீட்டி வெச்சேன். பீடம் கட்டுனவன் சாக்கடை இடிக்குதுன்னு கொஞ்சம் திருப்பிட்டான்.”

“சொல்லலையா நீங்க?”

“சொல்லாம? விசாரணையில ‘யார் தூண்டுதல்ல திருப்புனே?’ன்னாங்க. சாக்கடைன்னேன். அப்படி ஒரு ஆள எழுதிக்க முடியாதுன்னுட்டாங்க. அப்புறம் ஒரு பய ஒரு பொம்மைகூட செய்யச் சொல்லி வரல.”

குண்டு மனிதர் மெதுவாகக் கேட்டார். “நான் அசையலாமாங்க?”

“அசையாதீங்க. திசை மாறிச்சுன்னா உங்களையும் விசாரிப்பாங்க.”

“அடுத்த வாரம் எழுதிடறேன் மாமா. சாக்கடைதான் காரணம்னு.”

“எழுது. விழுந்து விழுந்து சிரிப்பாங்க. அந்தப் பக்கத்துல வர்றதெல்லாம் புளுகுன்னு நீதானே பழக்கி வெச்சிருக்கே?” அவர் வாளியில் கையை அலம்பினார். “ஒண்ணு மட்டும் கேக்கணும்னு நெனைச்சேன். அத்தனையும் புளுகு. அந்தக் கடைசி வரி மட்டும் எப்படிம்மா நெசமா வந்துச்சு?”

அந்த வரி இடம் நிரப்ப எழுதியது. பக்கத்தின் அடியில் கொஞ்சம் வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ‘நாட்டிய விழாவில் மேயர் தூக்கம்’ என்ற செய்தியை எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலையில் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள்.

“படிச்சேன் மருமகளே. நல்லா இருக்கு.”

“எங்க மாமா சிரிச்சீங்க?”

“எல்லா இடத்துலயும்தாம்மா.”

“கடைசி பாரா?”

“அதுவும் நல்லாத்தான் இருக்கு. வெச்சிடறேன், ஆள் காத்திருக்கு.”

அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவர் திட்டட்டும் என்றுதான் அந்தக் கடைசி பாராவை உப்பே போடாமல் விட்டிருந்தாள்.