நாற்காலிகள் நடந்துபோன முகூர்த்தம்

சென்ற வைகாசியில் ஒரு முகூர்த்த நாள் காலையில், பெரிய மார்க்கெட் பக்கம் இருக்கும் வாடகைக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் தெருவில் இறங்கி, குருசுக்குப்பத்தை நோக்கி நடந்துபோயின. அஜந்தா சிக்னலில் சிவப்பு விழுந்தபோது நின்றன. பச்சை விழுந்ததும் நடந்தன. போக்குவரத்துக்கு இடைஞ்சல் எதுவும் இல்லை.

அந்தக் கடை கிருஷ்ணசாமியும் அவர் மனைவி சொர்ணமும் சேர்ந்து வளர்த்தது. வசதியுள்ளவர்களிடம் இருவரும் கறார். இல்லாத வீட்டுக் கல்யாணம் என்றால் சொர்ணத்துக்குத் தெரியாமல் அவர் காசு வாங்காமல் நாற்காலி அனுப்புவார். அவருக்குத் தெரியாமல் சொர்ணமும் அனுப்புவார். அந்த வீடுகளில் ஆளுக்கு இரண்டு நாற்காலி கிடக்கும். புயலடித்தால் கடை அண்டாக்களை ஏற்றிக்கொண்டு குப்பங்களுக்குப் போய், தண்ணீர் வடியும்வரை சமைத்துப் போடுவார்கள். போன வருடம் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து இறந்தார்கள்.

கடை மகள் துர்காவிடம் வந்தது. அவர்களைப் போலத் தன்னால் முடியாது என்று அவள் பயந்தாள். குருசுக்குப்பத்து மீனவர் கன்னியப்பன், மகள் வினோதாவின் கல்யாணத்துக்கு நாற்காலி கேட்டு வந்தபோது, "அன்னிக்கி எல்லாம் ஓட்டல் விசேஷத்துக்குப் போவுதுண்ணே" என்றாள்.

"பரவால்லம்மா, பாய் விரிச்சிக்கிறோம்" என்று அவர் திரும்பிப் போனார். அன்று துர்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

நாற்காலிகள் கிளம்பிய காலையில் ஷட்டரைத் தூக்கியவள் அவள்தான். "ஏய், நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே ஸ்கூட்டியில் பின்தொடர்ந்தாள். அவை கன்னியப்பன் வீட்டுப் பந்தலுக்குள் நுழைந்து வரிசை கட்டி நின்றபோது ஓட்டலிலிருந்து போன் வந்தது.

"சார், நாற்காலிங்க வேற கல்யாணத்துக்கு வந்துடுச்சிங்க. உங்களுக்கு வேற கடையில சொல்லிட்றேன்" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முன்வரிசையில் இரண்டு நாற்காலிகளை மட்டும் எல்லோரும் விட்டுவைத்திருந்தார்கள். ஒன்றின் கால்கள் மணலில் ஆழப் புதைந்திருந்தன, மற்றதன் கால்கள் லேசாக. கிருஷ்ணசாமி பருத்த உடம்புக்காரர்; சொர்ணம் ஒல்லி.

"அப்பாவும் அம்மாவும் நீ வர்றதுக்கு முன்னயே வந்துட்டாங்கம்மா" என்றார் கன்னியப்பன், மாப்பிள்ளை வீட்டார் வந்ததைச் சொல்வதுபோல.

பந்தியில் அவர்களுக்கும் இலை போட்டார்கள். சொர்ணத்தின் இலையிலிருந்த வடை, எல்லோரும் பார்த்திருக்க, கிருஷ்ணசாமியின் இலைக்குப் போனது. எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று டாக்டர் அவருக்குச் சொல்லியிருந்தார்.

"இப்பிடி நீ குடுத்துக் குடுத்துதாம்மா அவுரு கேக்கறதில்ல" என்று துர்கா கடிந்துகொண்டாள். பிறகு புடவையை இழுத்துச் செருகி, பாயச வாளியைத் தூக்கினாள். பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டு அவர்களிடம் வந்து குனிந்தாள்.

"போதுமாப்பா?"

இலை மடங்கவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினாள்.