வாடகைப் போர்வீரனும் வெள்ளச்சியின் வான்கோழியும்

செவ்வந்திக்குத் தன் கணவனைப் பற்றி ஊரில் வேறு யாருக்கும் தெரியாத ரகசியம் ஒன்று தெரியும். மாயவனுக்கு வான்கோழி என்றால் பயம்.

பாம்புக்குப் பயமில்லை, வெறிநாய்க்குப் பயமில்லை. கள்ளக்குறிச்சி நகைக்கடை வாசலில் நீலச் சட்டையும் முறுக்கிய மீசையுமாக அவன் நிற்கும்போது, பாக்கெட் அடிக்க வந்தவன்கூட ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் போவான். ஆனால் சின்ன வயதில், நைனார்பாளையத்தில் ஒரு வான்கோழி அவனைத் துரத்திப்போய் டவுசரைக் கவ்வி இழுத்திருக்கிறது. அன்றிலிருந்து அதன் களகளச் சத்தம் கேட்கிற தெருவிலேயே கால் வைக்க மாட்டான். கல்யாணமான புதிதில் அவனே சொன்னதுதான்.

"யாராண்டயும் சொல்லிடாத செவ்வந்தி. மானம் பூடும்."

அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள் அவள். சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்பேர்ப்பட்டவன், வருடம் திரும்புவதற்குள், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "நான் சண்டைக்குப் போறேன்" என்றான்.

"யாரோட? பக்கத்து வூட்டோடயா?"

"வெளிநாட்டுல. நெசச் சண்டை."

"மிலிட்டிரியா?"

"மிலிட்டிரி இல்ல, கம்பெனி. அங்க ரெண்டு கோஷ்டி அடிச்சிக்கினு கெடக்குது. லாரிக்கும் எண்ணெய்க் கெணத்துக்கும் துப்பாக்கியோட காவல் நிக்க ஆளு வோணுமாம். உளுந்தூர்பேட்டை ராஜாங்கம் ஏஜெண்டு கூட்டிக்கினு போறாரு. ரெண்டு வருசம் நின்னா நம்ம வூட்டுக்கு மாடி எடுத்துடலாம்."

"மாடியில யாரு மாமா படுக்கறது? நான் ஒண்டியாவா?"

மாயவன் ரசத்தைக் குடிப்பதுபோல டம்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

ஆள் எடுப்பு கல்வராயன் மலையில் நடந்தது. வெள்ளச்சி என்ற மலைக்காரியின் மரவள்ளிக் காட்டையும், அங்கே நின்ற டெம்போவையும் ராஜாங்கம் ஒரு பகலுக்கு வாடகைக்குப் பிடித்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் விசில். வந்திருந்த ஆறு பேருக்கும் துப்பாக்கி மாதிரி செதுக்கிய கட்டைகளைக் கொடுத்தார். ஆறில் ஒருவன் சின்னதுரை, மாயவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன்.

"இந்த டெம்போதான் கம்பெனி லாரி. எவன் கூப்புட்டாலும் இதை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தவன் பெயில்" என்று விசில் ஊதிவிட்டு டீக்கடைக்குப் போனார்.

அவனைப் பெயிலாக்கக் கூடவே வந்திருந்த செவ்வந்திக்கு அது போதும். வெள்ளச்சியின் வீட்டு அடுப்பில் சாமைச் சோறு பொங்கி, நாட்டுக்கோழிக் குழம்பு கொதிக்க வைத்தாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் சட்டியைத் திறந்தாள். முதலில் ஓடி வரப்போவது தன் வீட்டுக்காரன்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. குழம்பு வாசனைக்கு அவன் தூக்கத்திலேயே எழுந்து வருகிறவன்.

முதலில் வந்தவன் சின்னதுரை. பின்னாலேயே நான்கு பேர். கட்டைத் துப்பாக்கிகளை வேலியில் சாத்திவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

மாயவன் வரவில்லை. டெம்போவின் கூண்டுமேல் ஏறி, கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சிலை மாதிரி நின்றான்.

சாப்பிட்டவர்கள் கை கழுவியதும் வெள்ளச்சி கிழங்குக் குவியலைக் காட்டினாள். "எங்க காட்டுல சோறு தின்னவங்க சும்மா போவக் கூடாது. தூக்குங்க."

ராஜாங்கம் திரும்பி வந்தபோது அவருடைய காவல்படை கிழங்கு சுமந்துகொண்டிருந்தது.

"யாருக்குடா காவல் நிக்கறீங்க?"

"சோறு போட்டவங்களுக்கு சார்" என்றான் சின்னதுரை, ஏப்பத்தோடு.

ராஜாங்கம் அண்ணாந்து பார்த்தார். "இவன்தான்யா வீரன்! மாயவா, நீ பாஸ். அடுத்த வாரம் பிளைட்டு!"

செவ்வந்தி கரண்டியைப் போட்டுவிட்டு டெம்போவை நோக்கி நாலடி வைத்தாள். அப்போதுதான் டெம்போவுக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. களகளகளவென்று. வெள்ளச்சியின் வான்கோழி, தோகையை விரித்துக்கொண்டு, சக்கரத்தைச் சுற்றி உலாத்திக்கொண்டிருந்தது.

அடப்பாவி மனுஷா, இதுக்குத்தான் மேல ஏறினியா! ஒரு வார்த்தை சொன்னால் போதும், விமானம் நின்றுவிடும். ஆனால் சத்தியம் செய்த உள்ளங்கை சுட்டது. இத்தனை பேர் நடுவில் அவன் மானத்தை அவள் எப்படி வாங்குவாள்? அதனால் வேறு கேட்டாள்.

"ஏன் சார், அங்க இவருக்கு எதுனா ஆயிட்டா எனக்கு யாரு சொல்லுவாங்க?"

"கம்பெனி பாத்துக்கும்மா."

"இவரு தப்பா யாரையாச்சும் சுட்டுட்டா?"

"அதையும் கம்பெனி பாத்துக்கும்."

"அந்தக் கம்பெனி எங்க சார் இருக்குது?"

ராஜாங்கம் யோசித்தார். பிறகு செல்போனைத் தூக்கிக் காட்டினார். "இதுலதான். நெட்டுல."

"அப்ப பெயிலான எங்களுக்கு?" என்றான் சின்னதுரை.

"சம்பளம் கொஞ்சம் கம்மி. உங்களை எதிர்க்கோஷ்டிக்கு அனுப்பிடுவேன். அங்கயும் நம்ம கம்பெனிதான் ஆளு குடுக்குது." ராஜாங்கத்தின் முகத்தில் பெருமை. "எவன் ஜெயிச்சாலும் நமக்கு நஷ்டமே கெடையாது."

அதற்கு முதலில் பதில் சொன்னது வான்கோழிதான்.

"டேய் மச்சான், என்னைச் சுட்டுடுவியாடா?" என்று சின்னதுரை மேலே பார்த்துக் கேட்டான்.

"நீ என்னைச் சுடுவியா?"

சின்னதுரை கிழங்கு மூட்டையைத் தோள் மாற்றினான். பொய் சொல்லத் தெரியாதவன். "யாரு சோறு போடறாங்கன்னு பாத்துத்தான்டா சொல்ல முடியும்."

மாயவன் நண்பனைப் பார்த்தான். பிறகு செவ்வந்தியை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர். இந்தத் தடவை சிரிப்பினால் இல்லை.

"சார், என்னால வர முடியாது" என்றான்.

"எங்க, போருக்கா?"

"கீழயே வர முடியாது. அடியில வான்கோழி இருக்குது. எனக்கு அதுன்னா பயம்."

ஐந்து பேரும் மூட்டைகளைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாயவனின் காது சிவந்தது. ஆனாலும் அவன் கூண்டுமேல் நிமிர்ந்தே நின்றான்.

"அங்க வான்கோழியெல்லாம் இருக்காதுய்யா!"

"உறுதியா சொல்லுங்க."

"அது… கம்பெனி பாத்துக்கும்" என்றபடி ராஜாங்கம் ஒரு கட்டைத் துப்பாக்கியை எடுத்து வான்கோழியை விரட்டப் போனார். விசிலையும் ஊதினார். ஊதியிருக்கக் கூடாது. அவர் சரிவில் இறங்கி ஓட, பின்னால் அது ஓட, கறுப்புக் கண்ணாடி கிழங்குக் குழியில் கிடந்தது. டீக்கடை வளைவு தாண்டியும் விசில் கேட்டது.

செவ்வந்தி டெம்போவுக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

"நீ சொல்லிடுவன்னு நெனச்சேன்."

"உன் தலை மேல இல்ல சத்தியம் பண்ணேன்? வா மாமா, தொடைக் கறி எடுத்து வெச்சிருக்கேன்."

அவன் காலைத் தூக்கிக் கல்மேல் வைத்துக்கொண்டு சாப்பிட்டான். முடித்ததும் வெள்ளச்சி கிழங்குக் குவியலைக் கை காட்டினாள். மாயவன் சரிவை எட்டிப் பார்த்தான். ஏஜெண்டை அனுப்பிவிட்டு வான்கோழி தனியாக, நிதானமாக ஏறி வந்துகொண்டிருந்தது.

"மொதல்ல அதைக் கட்டிப் போடுங்கக்கா" என்றான்.