கப்பலேறிய மாப்பிள்ளை

என் அக்கா கஜானிக்குத் தாலி கட்டவேண்டிய மனிதர், கலியாணத்தன்று காலை, பட்டு வேட்டியும் தலைப்பாகையும் மாலையுமாக ஒரு காருக்குள் பூட்டப்பட்டார். பூட்டியது வேறு யாருமில்லை, கார்தான். தன்னை யாரோ கப்பலில் ஏற்றிவிட்டார்கள் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைத் தோழன் என்ற முறையில் நானும் உள்ளேதான் இருந்தேன்.

காரின் பெயர் பிராம்லி. நூறு வருடமாகக் கார் செய்கிற கொம்பனி. இதை எங்களுக்கு அடிக்கடி நினைவூட்டுபவர் குகதாசன் மாமா, மாப்பிள்ளை பார்த்தீபன் அத்தானின் தகப்பன், நெல்லியடியில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். அவருடைய அப்பா வைத்திருந்த பழைய பிராம்லி, பெற்றோல் வராத யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. நல்லெண்ணெய் ஊற்றியிருந்தாலும் முனகிக்கொண்டு ஓடியிருக்கும் என்பது மாமாவின் நம்பிக்கை. எனவே வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கியதும் அவர் பிராம்லியின் புது மின்சாரக் காரைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சீனாக் காரைப் பார்க்கச் சொன்னவர்களிடம், "உவங்கள் போன் செய்யிறவங்கள். பிராம்லிக்காரன் கார் செய்யிறவன்" என்று வாயை அடைத்துவிட்டார்.

சிக்கலே அதுதான். பிராம்லிக்காரனுக்குக் கார் செய்யத் தெரியும். சில்லு வட்டமாக இருக்கும். கதவு கௌரவமான சத்தத்தோடு மூடும். இருக்கை தோல் மணக்கும். ஆனால் மின்சாரக் கார் என்பது சில்லுப் பூட்டிய கணினி. கணினி விடயத்தில் பிராம்லிக்காரன் பாலர் வகுப்பு. தெரியாத வேலையைத் துண்டு துண்டாக வெட்டி உலகம் முழுக்கப் பகிர்ந்து கொடுத்தான். கதவுக்கு ஒரு நாடு, விளக்குக்கு ஒரு நாடு, ஹோர்னுக்கு இன்னொரு நாடு. இந்தத் துண்டுகள் ஒன்றையொன்று முதன்முதலாகச் சந்தித்தது காருக்குள்தான். இன்றுவரை அவற்றுக்கிடையே முகம்கொடுத்துப் பேச்சில்லை.

ஒரு துண்டு கொழும்புக்கும் வந்தது. அந்த அலுவலகத்தில்தான் அத்தான் ஒரு குழுவுக்குத் தலைவர். அக்கா அதே குழுவில் மென்பொருளைச் சோதித்துப் பிழை பிடிப்பவள். காதல் அங்கேதான் நடந்தது. அவர்களுடைய ஒரே சண்டையும் அங்கேதான் நடந்தது.

பிராம்லியின் உடம்பெல்லாம் கமரா. அத்தனை கமராவும் ஒரே நேரத்தில் மறைந்துபோனால், தன்னை உறையால் சுற்றிக் கப்பலில் ஏற்றுகிறார்கள் என்று கார் தீர்மானித்து, கதவுகளைப் பூட்டிக்கொண்டு உறங்கப் போய்விடும். அக்கா அதைப் பிடித்து முறைப்பாடு எழுதினாள்: யாழ்ப்பாணத்தில் புதுக் கார் வாங்கினால் கோயிலுக்குத்தான் முதலில் போகும், கண்ணைப்போல் தெரிகிற இடமெல்லாம் நாவூறு படாமலிருக்கச் சந்தனப் பொட்டு வைப்பார்கள், கார் ஆட்களை உள்ளே வைத்துப் பூட்டிவிடும் என்று. தலைமையகத்தில் காரை வெளியிடுகிற அவசரம். அத்தான் 'இயல்பான பாவனை அல்ல' என்று எழுதி முறைப்பாட்டை மூடினார். தொண்டைமானாற்றில் பிறந்து, சந்நிதி முருகன் கோயிலில் மொட்டையடித்துக் காதும் குத்திய மனிதர், சந்தனம் இயல்பானதல்ல என்று ஆங்கிலத்தில் எழுதினார். அக்கா அவரோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. பிறகு கதைத்தாள், கலியாணத்துக்கும் ஓம் என்றாள். மறந்துவிட்டதாக மட்டும் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

கார் கலியாணக் கிழமைதான் வந்து இறங்கியது. வந்த நாளிலிருந்து வானொலி நோர்வே மொழியில் மட்டும் பாடியது. பின்னுக்கு எடுத்தால் மழைத் துடைப்பான் ஆடியது. வல்லைவெளியில் நின்ற மாட்டைத் திரையில் லொறி என்று காட்டி, அதற்கு வழிவிடச் சொன்னது. "புதுசு. பழகவேணும்" என்றார் மாமா. மருமகளைப் பற்றிச் சொல்வதுபோல.

தாலி கட்டுவது நீர்வேலியில், எங்கள் பக்கத்து மண்டபத்தில், பத்தரைக்கு முன். அது தவறினால் அடுத்த நல்ல நாள் ஆடி கழிந்துதான். மாமா எல்லாம் திட்டமிட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வாடகை வான் ஒன்றில் முன்னால் போய்விடுவார்கள். மாப்பிள்ளையும் தோழனும் தானும் சந்நிதி முருகனிடம் காருக்கும் கலியாணத்துக்குமாக ஒரே பூசையை முடித்துக்கொண்டு, பிராம்லியில் பறந்து போய் இறங்குவது. சனம் வாசலில் நின்று பார்க்கவேண்டும்.

பூசை முடிந்தது. சில்லுகளின் கீழ் நான்கு தேசிக்காய் வைத்தாயிற்று. மாமா சந்தனக் கிண்ணத்தோடு காரைச் சுற்றத் தொடங்கினார். முன்னுக்கு ஒன்று. கண்ணாடிக்கு மேலே ஒன்று. கதவோரம் ஒன்று.

"அப்பா, உதிலை பூசாதேங்கோ" என்றார் அத்தான்.

"ஏன்ரா?"

காரணத்தைச் சொன்னால் என் முன்னால் சொல்லவேண்டும். நான் கேட்டால் அது அக்கா கேட்டதற்குச் சமம். அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு கோபுரத்தைப் பார்த்தார். "ஒண்டுமில்லை அப்பா" என்றார்.

மாமா மிச்சக் கண்களுக்கும் பொட்டு வைத்து, குங்குமமும் தொட்டு, தேங்காய் அடித்து, பெருமையோடு ஏறி அமர்ந்தார். நாங்கள் பின்னால் ஏறினோம். மாமா பொத்தானை அமத்தினார். எல்லாக் கதவுகளும் ஒன்றாக 'டொக்' என்றன. குளிரூட்டி நின்றது. திரையில் ஒரு சின்னக் கப்பல் மிதந்தது. இனிய கடற்பயணம் அமையட்டும் என்று அதன் கீழ் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"என்னடா தம்பி, கப்பல் வருகுது?"

அத்தான் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தார். நெற்றிச் சந்தனம் அதற்குள்ளேயே வியர்வையில் இறங்கத் தொடங்கியிருந்தது.

பத்து நிமிடத்தில் காரைச் சுற்றிக் கூட்டம். முன்வரிசையில் நின்றவர் லெனாட் அண்ணை, அச்சுவேலி ஓட்டோக்காரர், கோயில் வாசலில் சவாரிக்கு நிற்பவர். கண்ணாடியில் தட்டினார்.

"என்ன ஐயா, மாப்பிள்ளையை அவிக்கிறியளோ?"

"சந்தனத்தைத் துடையுங்கோ அண்ணை, எல்லா இடமும்!" என்று அத்தான் உள்ளிருந்து கத்தினார். லெனாட் அண்ணை தன் ஓட்டோத் துணியால் வளைத்து வளைத்துத் துடைத்தார். கார் பளபளத்தது. கப்பல் அசையவில்லை. ஒருமுறை கப்பலில் ஏறிவிட்டால், துறைமுகம் வந்துவிட்டது என்று கொம்பனி சொல்லும்வரை பிராம்லி இறங்காது. யாரையும் இறக்கவும் மாட்டாது.

"இன்னொரு தேங்காய் அடிச்சுப் பாப்பமோ?" என்றார் லெனாட் அண்ணை. "நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன், எண்டாலும் அடிக்கிறன்."

"கண்ணாடியை உடைப்பம் அப்பா."

"நல்ல நாளும் அதுவுமா கண்ணாடி உடைக்கிறதோ? வாயைக் கழுவு!" என்ற மாமா, கொம்பனியின் உதவி இலக்கத்துக்கு அழைத்தார். நீண்ட சங்கீதத்துக்குப் பிறகு ஒரு பெண் இங்கிலீசில் வந்தாள். விபரம் கேட்டாள். தட்டச்சுச் சத்தம் கேட்டது. உங்கள் வாகனம் நடுக்கடலில் இருப்பதாகக் காட்டுகிறதே ஐயா, எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்றாள்.

"தொண்டைமானாறு!" என்றார் மாமா.

அந்தத் துறைமுகம் எங்கள் பட்டியலில் இல்லை என்றாள்.

"இல்லையோ? ஒரு காலத்திலை இஞ்சயிருந்து கப்பல் கப்பலா உப்பு ஏத்தினது, பிள்ளை! நீர் சரித்திரம் படிச்சனீரோ?" மாமா தமிழுக்கு மாறிவிட்டதை அவரே கவனிக்கவில்லை. அவள் கவனித்து, திரும்பவும் சங்கீதத்தைப் போட்டுவிட்டாள்.

மணி ஒன்பதரையைத் தாண்டியது. காருக்குள் இட்டலிச் சட்டியின் சூடு. அத்தானின் மாலை வாடத் தொடங்கியது. மாலையிலிருந்த ஈ ஒன்றுதான் எங்களில் சுறுசுறுப்பாக இருந்தது.

"அத்தான்," என்றேன், "இதைப் பற்றித் தெரிஞ்ச ஒரு ஆள் இருக்கு."

"வேண்டாம்."

"பத்தரைக்குத் தாலி."

"வேண்டாம் எண்டு சொல்லுறனெல்லே."

"சரி. ஆடி கழியட்டும்."

அவர் ஈயைப் பார்த்தார். ஈ கண்ணாடியில் முட்டி விழுந்தது. "போன் எடும்" என்றார்.

அக்கா அலங்கார அறையில் இருந்தாள். நான் ஒலிபெருக்கியில் போட்டு விடயத்தைச் சொன்னேன்.

"அக்கா? இருக்கிறியோ?"

"இரடா. சிரிச்சால் மேக்கப் வெடிக்குமாம். அடக்கிறன்." பிறகு, "அவர் இருக்கிறாரோ?"

"கேக்கிறார்."

"வணக்கம் தலைவர்," என்றாள் அக்கா. "இயல்பான பாவனை எப்பிடிப் போகுது?"

"கஜானி, பகிடி விடுற நேரமே இது? கதவு எப்பிடித் திறக்கிறதெண்டு சொல்லும். உமக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியாதோ?"

"கதவு எங்கடை துண்டில்லை. அது வேறை நாட்டுத் துண்டு."

"எனக்குத் தெரியும். சோதனைக் காருக்குள்ளை நானும் அம்பிட்டனான். நீங்கள் அண்டைக்கு மீற்றிங்கிலை இருந்தனீங்கள். போனை எடுங்கோ. என்ரை முறைப்பாட்டைத் திரும்பத் திறவுங்கோ. பிறகு சொல்லுறன்."

"இப்பவோ? கலியாணம் முடிஞ்சு—"

"கலியாணம் முடிஞ்சால் திறக்கமாட்டியள். எனக்கு உங்களைத் தெரியும். இந்தக் காரை இஞ்சை எத்தினை பேர் வாங்கப்போகினம்? ஒருத்தன் பிள்ளையை உள்ளை இருத்திப்போட்டுப் பொட்டு வைப்பான். அப்பவும் இயல்பில்லை எண்டு எழுதுவியளோ?"

மாமா முன் இருக்கையிலிருந்து மெல்லத் திரும்பினார். "டேய் தம்பி. இந்தப் பிள்ளை முதலே சொன்னதோ?"

அத்தான் போனை எடுத்து, வியர்வை விரலால் நாலு தரம் கடவுச்சொல்லைப் பிழையாக அடித்து, ஐந்தாம் தரம் உள்ளே போனார்.

"திறந்திட்டன்."

"காரணம் எழுதோணும்."

"என்ன எழுத?"

"'இயல்பான பாவனை' எண்டு எழுதுங்கோ. ரெண்டு சொல்லுத்தான்."

எழுதினார். அக்காவின் போனில் மின்னஞ்சல் மணி அடித்தது எங்களுக்கே கேட்டது. அவள் வாசித்துத்தான் வாயைத் திறந்தாள். பின் இருக்கைக்குக் கீழே கம்பளத்தைக் கிளப்பு, சிவப்பு நாடா ஒன்று இருக்கும், பலமாக இழு என்றாள். வெளியே தெரிந்தால் உள்ளழகு கெட்டுவிடும் என்று கொம்பனி அதைக் கம்பளத்தால் மூடியிருந்தது. ஆபத்தில் உதவுவதைவிட ஆபத்தில் அழகாக இருப்பது அவர்களுக்கு முக்கியம்.

இழுத்தேன். கதவு அதே கௌரவமான சத்தத்தோடு திறந்தது. கூட்டம் கை தட்டியது. ஆனால் கார் நகரவில்லை. அது இன்னமும் நடுக்கடலில். நான்கு தேசிக்காய்களில் ஒன்றைக்கூட நசுக்கவில்லை.

"ஏறுங்கோ," என்றார் லெனாட் அண்ணை.

மூன்று பேரும் ஓட்டோவில் ஏறினோம். அத்தான் நடுவில், தலைப்பாகை கூரையில் இடிக்கக் குனிந்தபடி. வாதரவத்தையில் குழி, ஆவரங்காலில் குழி, லெனாட் அண்ணை எதற்கும் பிறேக் பிடிக்கவில்லை. ஓட்டோ தன்னைப் பற்றி எந்த முடிவுக்கும் வராமல், சும்மா ஓடியது. புத்தூர்ச் சந்தியில் மாமா முதன்முறையாக வாய் திறந்தார்.

"கார் நல்ல கார்தான்," என்றார். "அதுக்குள்ளை இருக்கிற விசர் மூளைதான்..."

மகனைப் பார்த்தார். மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

மண்டப வாசலில் சனம் பிராம்லியைப் பார்க்கத் திரண்டு நின்றது. ஓட்டோ வந்து நின்றது. எல்லாரும் போனை எடுத்தார்கள். நான் தலைப்பாகையை நிமிர்த்திவிட்டேன். கால் கழுவி, வாடிய மாலையை மாற்றி, மணவறையில் இருத்தும்போது முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் மிச்சமிருந்தது.

அத்தானின் போன் தோழன் என்ற முறையில் என் கையில் இருந்தது. அக்கா கூறைச்சேலை உடுத்து வந்து பக்கத்தில் அமர்ந்தபோது அது அதிர்ந்தது. கொம்பனியின் தானியங்கிப் பதில். மனிதர் யாரும் வாசிக்கவில்லை, வாசிக்கவும் மாட்டார்கள். 'உங்கள் முறைப்பாடு ஆராயப்பட்டு மூடப்பட்டது. வாகனத்தின் மீது உணவுப் பொருட்களைப் பூசுவதைத் தவிர்க்கவும்.'

நான் அதை அக்காவுக்கு மட்டும் தெரியும்படி சரித்துக் காட்டினேன்.

ஐயர் தாலியைத் தட்டத்திலிருந்து எடுத்து அத்தானிடம் கொடுத்தார். மேளக்காரர் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் தாலியோடு எழுந்தார். அக்கா குனியவில்லை.

"பிள்ளை, குனியம்மா," என்றார் ஐயர்.

"திருப்பி மூடிப்போட்டாங்கள்," என்றாள் அக்கா, ஐயருக்கல்ல.

அத்தான் ஒரு கையில் தாலியைப் பிடித்துக்கொண்டு மறு கையை என் பக்கம் நீட்டினார். போனைக் கொடுத்தேன். இந்தத் தரம் கடவுச்சொல் முதல் தடவையே சரி. திறந்தார். அக்கா சொல்லாமலே முறைப்பாட்டின் கீழே ஒரு வரி எழுதினார்: 'நான் உள்ளே இருந்தேன்.' போனை என்னிடம் திருப்பித் தந்தார்.

அக்கா குனிந்தாள். கெட்டிமேளம் கொட்டியது.