சந்தோசமும் சேர்த்து

வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் கங்காணி கீழேயிருந்து குரல் கொடுத்தார். "இராக்கம்மா, பெரியாயி, எல்லாம் ரோட்டோர நெரைக்கு எறங்குங்க. வெள்ளக்காரங்க வந்துட்டாங்க."

இராக்கம்மா அப்போதுதான் மேட்டுத் தேயிலை நிரையில் கை வைத்திருந்தாள். மழை விட்டு வெயில் கண்ட மலை; துளிர் பசேலென்று எழும்பி நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கூடை பாதிக்கு வந்திருக்கும். ரோட்டோர நிரையில் என்ன இருக்கிறது? லொறி அடித்த சேறும் முற்றிய இலையும்தான். ஆனால் படத்துக்கு அந்த இடம்தான் நன்றாக விழுமாம். பின்னால் அப்புத்தளை முகடு, அதற்குக் கீழே பள்ளத்தாக்கு நிறைய மேகம். இடுப்பில் கட்டிய சாக்கு ஈரத்தில் கனக்க, செடிகளுக்கிடையே வழுக்கிக்கொண்டு இறங்கினாள். பின்னால் பெரியாயி ஒரு முழங்காலைப் பிடித்தபடி முனகிக்கொண்டே வந்தாள்.

வேனிலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கியிருந்தார்கள். அவர்களைக் கூட்டி வருகிற றஹீம் பதுளைப் பையன். கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். இங்கிலீஷும் கொஞ்சம் ஜெர்மனும் பேசுவான். உயரமான வெள்ளைக்காரன் ஒருவன், இலையைக் கிள்ளித் தோளுக்கு மேலாகக் கூடையில் போடும்படி இராக்கம்மாவுக்குச் சைகை காட்டினான். போட்டாள். இன்னொரு தடவை என்றான். மறுபடியும் என்றான். கிள்ளுவதற்குத் துளிர் இல்லாததால் முற்றல் இலையைப் பிய்த்துப் போட்டாள். நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை பார்ப்பதற்கு முன் அதையெல்லாம் பொறுக்கி எறிய வேண்டும் என்பதும் மனதில் ஓடியது. சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள்.

படம் எடுத்து முடிந்ததும், தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண் கைப்பையைத் திறந்தாள். றஹீம் அவள் பக்கம் குனிந்து ஏதோ சொன்னான். அதில் ஒரே ஒரு சொல் இராக்கம்மாவின் காதில் தனியாக விழுந்தது: இன்க்ளூடெட். அந்தப் பெண் "ஓ" என்றாள். முகத்தில் ஒரு நிம்மதி. கைப்பை டக்கென்று மூடிக்கொண்டது. எல்லோரும் கையாட்டிவிட்டு ஏறிப் போனார்கள்.

முன்பு இப்படி இல்லை. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்த பழைய பங்களாவை, கொழும்பு முதலாளி ஒருவர் ஹோட்டலாக்கினார். முதல் முதல் வந்த வெள்ளைக்காரர்கள் படம் எடுத்த கையோடு ஆளுக்கு ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அதற்குப் பெண்கள் வைத்த பெயர் சந்தோசம். அதற்கும் ஒரு முறை இருந்தது. கேட்கக் கூடாது. கையை முன்னால் நீட்டக் கூடாது. கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கி, எவ்வளவு என்று பார்க்காமல் மடியில் முடிந்துகொள்ள வேண்டும். வேன் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் பிரித்துப் பார்க்க வேண்டும். நின்றவர்கள் எல்லோருக்கும் பங்கு. கொழுந்து குறைந்து அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம், விழுந்தாலும் அன்றைக்கு வயிற்றெரிச்சல் இருக்காது. றஹீமே அப்போதெல்லாம் ஒதுங்கி நின்று, கொடுக்கிறவர்களுக்குத் தோதாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பான். இந்த வருஷம்தான் எல்லாம் மாறிப்போனது. அவர்கள் ஊரிலேயே மொத்தமாகக் காசு கட்டிவிட்டு வருகிறார்களாம். படுக்கை, சாப்பாடு, குடி, ரயில் எல்லாம் அதற்குள். கொழுந்து பறிக்கிறவர்களைப் பார்ப்பதும் அதற்குள்.

அன்று மாலை தராசில் இராக்கம்மாவின் கொழுந்து குறைந்தது. பெரியாயிக்கும் குறைந்தது. கணக்கப்பிள்ளை அரைப் பேர் என்று எழுதினார்.

"தோட்டத்துத் தொரை சொல்லித்தானே எறங்கி நின்னோம்?" என்றாள் இராக்கம்மா.

"அப்ப தொரைகிட்டப் போய்க் கேளு."

கங்காணியைப் பார்த்தாள். அவர் காலில் ஏறிய அட்டையைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

அவளுடைய புருஷன் நல்லையா அந்த ஹோட்டலில்தான் மேசைக்குச் சாப்பாடு கொண்டு வைக்கிற வேலையில் இருந்தான். வெள்ளைக் கோட்டும் பித்தளைப் பொத்தானும். லயத்து வீட்டுக்கு வரும்போது கோட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் வருவான். அன்றைக்கு அவன் தங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்குள் நுழைந்து முகம் கழுவுவதற்குள்ளேயே இராக்கம்மா கேட்டாள்.

"இன்க்ளூடெட்னா என்னங்க?"

"எல்லாம் சேத்துக் குடுத்தாச்சுன்னு அர்த்தம்."

"யாருக்குக் குடுத்தாச்சு?"

நல்லையா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். "எனக்கென்ன தெரியும்? முன்னெல்லாம் தட்டுக்கு அடியில வச்சிட்டுப் போவாங்க. இப்ப வாங்கினா வேல போயிரும்னு போர்டு எழுதிச் சாப்பாட்டு அறையிலயே மாட்டியிருக்கான். அவங்க அதப் படிச்சிட்டு என்னப் பாத்துச் சிரிக்கிறாங்க. நானும் சிரிக்கிறேன்." பையிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்து வைத்தான். யாரோ இரண்டு தடவை தேய்த்துவிட்டுப் போட்டது. "இந்தா, அறை கூட்டுறவன் குடுத்தான். வாசமா இருக்கு." இராக்கம்மா அதைத் தொடவில்லை.

அடுத்த கூட்டம் வந்தபோது கங்காணி கூப்பிட்டார். இராக்கம்மா இறங்கினாள். ஆனால் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பறித்தாள். யாரையும் தூண்டவில்லை. பெரியாயி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானும் திரும்பிக்கொண்டாள். பிறகு மற்றவர்களும். ரோட்டிலிருந்து பார்த்தால் வரிசையாகக் கூடைகள் மட்டும்தான் தெரிந்திருக்கும். கேமரா ஒன்றிரண்டு சொடுக்கியது. பிறகு ஒரே முணுமுணுப்பு.

றஹீம் சப்பாத்தில் சேறு ஏற, நிரைக்குள் வந்தான். "அக்கா, கொஞ்சம் திரும்புங்களே. என்ட பொழப்பும் இதுலதானே ஈக்கி."

"ஒங்க பொழப்பு ஒங்களுக்கு, எங்க பொழப்பு எங்களுக்கு தம்பி. கொழுந்து கொறஞ்சா எங்களுக்குத்தான் அரைப் பேரு."

"நானா ரூல் போட்டேன்? ஹோட்டல்ல செல்றத நான் செல்றேன். எனக்கும் இப்ப ஒண்டும் இல்லக்கா, சம்பளம் மட்டுந்தான்."

அவன் குரலில் பொய் இல்லை. அதுதான் இராக்கம்மாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கோபப்படலாம் என்று யாரைப் பார்த்தாலும் அவர்கள் கையும் வெறுமையாக இருந்தது. கணக்கப்பிள்ளை தொரையைக் காட்டினார், றஹீம் ஹோட்டலைக் காட்டினான், ஹோட்டல் கண்ணுக்கே தெரியாத ஏதோ ஓர் ஊரைக் காட்டியது. அவள் திரும்பவில்லை.

அதன் பலன் நல்லையாவின் தலையில் விழுந்தது. மனேஜர் அவனைச் சமையலறை வாசலில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாராம்: உன் பெண்சாதி விருந்தாளிகளுக்கு முதுகு காட்டுகிறாள், அவள் திரும்பாவிட்டால் நீ வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். நல்லையா வந்த வேகத்தில் பையை மூலையில் எறிந்தான். கோட்டின் பித்தளைப் பொத்தான்கள் சுவரில் மோதிச் சத்தம் போட்டன.

"ஒன்னய யாரு புள்ள வீராப்புக் காட்டச் சொன்னது? ரெண்டு நிமிசம் மூஞ்சியக் காட்டினா என்ன கொறஞ்சு போயிரும்?"

"ரெண்டு நிமிசமா? ஒங்க மனேஜர ஒருநா வந்து நின்னு பாக்கச் சொல்லுங்க."

"வேல போச்சுன்னா நானும் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியத் தூக்கிக்கிட்டு மலைக்குத்தான் வரணும். மூத்தவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. நெனச்சுப் பேசு."

நினைத்துத்தான் பார்த்தாள்.

ஆகவே அடுத்த வேன் வந்தபோது முகத்தைக் காட்டிக்கொண்டே நின்றாள். அவள் திரும்பியதால் எல்லோரும் திரும்பினார்கள். அன்றைக்கு வந்தவர்களில் ஒரு கிழவர் இருந்தார். வெயிலில் சிவந்த கழுத்து, கையில் ஊன்றுகோல். மற்றவர்கள் வேனில் ஏறத் தொடங்கிய பிறகும் அவர் ஏறவில்லை. றஹீம் தடுப்பதற்குள் கோலை ஊன்றி வாய்க்காலைத் தாண்டி, நிரைக்குள் வந்து, இராக்கம்மாவின் கூடையில் கொழுந்துக்கு மேல் ஒரு நோட்டை வைத்தார். வைத்துவிட்டு, பெரிய காரியம் செய்த குழந்தை மாதிரி அவள் முகத்தைப் பார்த்தார்.

மேலே கங்காணி நின்றார். ரோட்டில் ஹோட்டல் டிரைவர் நின்றான். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது டிரைவருக்கும் தெரியும்; அவள் வாங்கினால் நல்லையாவின் வேலைதான் போகும். இராக்கம்மா கையைப் பின்னால் வளைத்து நோட்டை எடுத்தாள். மற்ற நாளாக இருந்தால் மடியில் முடிந்திருப்பாள். இப்போது இரண்டு கையாலும் பிடித்து அவரிடமே நீட்டினாள்.

கிழவரின் முகம் வாடியது. யோசித்தார். பிறகு ஏதோ புரிந்தவர் போல, சட்டைப் பையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்து முதல் நோட்டின் மேல் வைத்தார். போதவில்லை என்று அவள் சொல்வதாக நினைத்துவிட்டார்!

பின்னால் பெரியாயி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். இராக்கம்மாவுக்குக் காது மடல் எரிந்தது. தலையை ஆட்டினாள். அவர் மூன்றாவது நோட்டுக்குக் கையை விட்டார். மற்றவர்கள் வேன் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருத்தி உதட்டைச் சுழித்தாள். கை நீட்டவே கூடாது என்று இத்தனை நாள் முறை வைத்து நடந்தவள், இப்போது நடுமலையில் பேரம் பேசுகிறவளாக நின்றாள். என்ன பாஷையில் சொல்வது?

"இன்க்ளூடெட்" என்றாள் சத்தமாக. "இன்க்ளூடெட் தொரை. இன்க்ளூடெட்!"

கிழவர் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். வேனுக்குள்ளும் சிரிப்பு எழுந்தது. தோட்டத்துப் பெண்ணின் வாயில் அந்தச் சொல் அவ்வளவு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். அவர் நோட்டுகளை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, கழுத்தில் தொங்கிய கேமராவை உயர்த்தி, இன்னொரு தடவை சொல்லும்படி விரலால் காட்டினார். அவள் வாயைத் திறக்கவில்லை. இருந்தாலும் படம் எடுத்துக்கொண்டார்.

அவரைக் கைத்தாங்கலாக ரோட்டுக்குக் கூட்டிப்போன றஹீம், ஒரு நிமிஷம் திரும்பி வந்தான். "அக்கா, நான் என்ன செய்ற?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் தம்பி. செடிய மிதிக்காமப் போங்க."

அதற்குப் பிறகு சில நாள் வேன் வரவில்லை. நடந்ததை யார் எப்படிச் சொன்னார்களோ, மனேஜருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. நல்லையா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது. ஹோட்டல் புல்வெளி ஓரத்தில் இரண்டு வரிசை தேயிலை நட்டிருக்கிறார்கள். அதில் நின்று பறிக்கிற மாதிரி காட்ட ஒரு பொம்பளை வேண்டும். புதுச் சேலை அவர்களே கொடுப்பார்கள். முழுப் பேர் சம்பளம். அட்டை கிடையாது, தராசு கிடையாது, மழை வந்தால் தாவாரத்தில் ஒதுங்கலாம்.

"மொதல்ல ஒன்னயத்தான் கேட்டாரு" என்றான்.

இராக்கம்மா ராட்டிக்கு மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். நிறுத்தாமலே கேட்டாள். "பறிச்ச கொழுந்த என்ன செய்வாங்க?"

"கொழுந்தா? நட்டு ஒரு வாரங்கூட ஆகல. இருக்கிற எலையச் சும்மா தொட்டுத் தொட்டுக் காட்ட வேண்டியதுதான்."

"பறிக்காம, பறிக்கிற மாதிரி."

"ஆமா."

"எனக்கு வராதுங்க."

நல்லையா அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்துவான் என்று நினைத்தாள். கத்தவில்லை. குரல் தாழ்ந்து வந்தது. "நா தெனமும் சிரிப்பு வராமச் சிரிக்கலயா? எனக்கு மட்டும் வந்துச்சா?"

அடுப்பில் கல் காய்ந்து புகைந்தது. ராட்டியைத் தட்டிப் போட்டாள். முதலாவது கருகிவிட்டது. அதை அவன் தட்டில் வைக்காமல் தனக்கு ஒதுக்கிக்கொண்டாள்.

அந்த வேலைக்குப் பெரியாயி போனாள். போகும்முன் காம்பராவுக்கு வந்து, "கோவிச்சுக்காத புள்ள, முட்டி தாங்கல" என்றாள். "இதுல என்னக்கா கோவம், நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றாள் இராக்கம்மா. மனதாரத்தான் சொன்னாள். நல்லையாவின் வேலை தப்பியது. வேன்கள் இப்போது ரோட்டோரம் நிற்பதில்லை; மேட்டு நிரையை விட்டு யாரும் இறங்கச் சொல்லவில்லை. கூடை நிறைந்தது, முழுப் பேர் விழுந்தது. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் தராசிலிருந்து திரும்பும்போது, யாரோ தன் கையிலிருந்து எதையோ வாங்கிக்கொண்டு போய்விட்ட மாதிரியே இருந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. பேசிக்கொண்டே நடக்கும் மற்றவர்களுக்குப் பின்னால் தனியாக நடந்தாள்.

ஒரு நாள் ஹோட்டல் பங்களாவுக்கு நேர் மேலே உள்ள மலையில் கொழுந்து. காலைப் பனி விலகியதும் கீழே புல்வெளி விரித்துப் போட்டது போலத் தெரிந்தது. அதன் ஓரத்தில் செக்கச்செவேலென்ற சேலையில் பெரியாயி. முதுகில் சாயம் பூசிய புதுக் கூடை. எதிரே நாற்காலிகளில் வெள்ளைக்காரர்கள். வெள்ளைக் கோட்டில் ஒருவன் தட்டத்தோடு அவர்களுக்கிடையே குனிந்து குனிந்து நடந்தான். இத்தனை தூரத்தில் நல்லையாவா வேறொருவனா என்று தெரியவில்லை. பெரியாயியின் கை முழங்கால் உயரச் செடிக்குப் போனது, ஒன்றையும் கிள்ளாமல் தோளுக்கு மேல் போனது, மறுபடி செடிக்குப் போனது.

"யக்கோவ்! பெரியாயி யக்கோவ்!"

தான் கத்துவோம் என்று இராக்கம்மா நினைத்திருக்கவில்லை. குரல் சரிவில் உருண்டு இறங்கியது. பெரியாயியின் கை தோளருகே நின்றது. அவள் அண்ணாந்து பார்த்தாள். அவளைத் தொடர்ந்து, நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, கையால் வெயிலை மறைத்து மேலே தேடினார்கள். பிறகு அத்தனை கேமராக்களும் மலையை நோக்கி உயர்ந்தன.