பன்னிரண்டாவது நாடா

வருஷம் எண்பத்தெட்டா, எண்பத்தொன்பதா என்பதில் எனக்கு நிச்சயமில்லை. யார் முதலில் பேசியது என்பதிலும் நினைவு தடுமாறுகிறது. ஆனால் அன்று மோட்டார் நின்றது நிஜம்.

குரங்கணிக்கு மேலே, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் விடியுமுன்பே சோணை உலைவாயில் விறகைத் திணித்துக்கொண்டிருந்தான். தகரக் குழாய்கள் கொதித்தன. தட்டுகளில் பரப்பிய பச்சைக் காயைக் கருத்தம்மாளும் மற்ற பெண்களும் வெறுங்கையால் புரட்டினார்கள். உரிந்து உரிந்து அவர்களின் விரல்நுனியில் ரேகையே இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் ஆபீஸ் எழுத்தர் தேவகிருபை ஐந்தாவது நாளாக உட்கார்ந்திருந்தாள். டிஸ்க் செத்துப்போய்ப் புதிது மாட்டியிருந்தார்கள். எழுபத்திரண்டு தொழிலாளிகளின் வருகைப் பதிவும் பன்னிரண்டு காந்த நாடாப் பெட்டிகளில் இருந்தது. அதிலிருந்து திரும்ப ஏற்ற வேண்டும். பழைய பேரேடுகளை ஒரு வருஷம் தட்டி ஏற்றியவள் அவள்தான். ஏற்றி முடித்த கையோடு முதலாளி சுந்தரராஜ் அவற்றை உலையில் போட்டுவிட்டார்.

மாலை நாலு மணிக்கு லேபர் ஆபீசர் வருகிறார். பதிவு இருந்தால் எல்லாரும் நிரந்தரம். இல்லையென்றால் எல்லாரும் அன்றைக்குச் சேர்ந்தவர்கள். முதலாளி அப்படித்தான் சொல்லியிருந்தார்.

நாடா ஓடியது, நின்றது, பின்னால் போனது, மறுபடி ஓடியது. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய பெட்டி அரை நாளைத் தின்றது. எட்டுதான் முடிந்திருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். “என்னம்மா, நத்தை எது வரைக்கும் ஊந்திருக்கு? மெஷினே வேணாங்குது, விட்டுத் தள்ளு.”

 அவர் போனதும் தேவகிருபை நாடாக் கருவியின் வாயைத் திறந்து பார்த்தாள். நாடாவைப் படிக்கும் முனையில் பழுப்புப் பிசின். மோந்தாள். ஏலக்காய் மணத்தது.

ஸ்டோர் வாசலுக்கு வந்து கருத்தம்மாளைக் கேட்டாள். “பெரியம்மா, இந்தப் பெட்டிக எங்க இருந்துச்சு?”

கருத்தம்மாள் தட்டிலிருந்து கையை எடுத்தாள். “மழை ஈரத்துல பூசணம் பூத்துப் போகுமேன்னு நான்தான் தாயி, உலைக்கு மேல மச்சுல வச்சேன். காயெல்லாம் அங்கனதான வைப்போம்?”

தேவகிருபை பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தாள். வேகம் கொஞ்சம் கூடியது, ஆனாலும் நின்று நின்றுதான் ஓடியது. அவள் கண்ணை மூடி வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். சுவருக்கு அப்பால் ஸ்டோரின் விசிறி மோட்டார் உறுமி எழும்போதெல்லாம் பல்பு மங்கியது, ஸ்டெபிலைசர் ‘டக்’ என்றது, நாடா பின்வாங்கியது.

அவள் எழுந்து ஸ்டோருக்குப் போனாள். “அண்ணே, மோட்டாரை நாலு மணி வரைக்கும் நிப்பாட்டணும். கரெண்டை அதுதான் இழுக்குது.”

“நிப்பாட்டுனா ஆவி வெளிய போகாது, காய் வெந்து பச்சை போயிரும்” என்றான் சோணை. “மொதலாளி என் தோலை உரிச்சிருவாரு.”

“ஏன் மாப்ளே, இன்னும் தோலு மிச்சம் வச்சிருக்கியாக்கும்?” என்றாள் கருத்தம்மாள். பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியது. சோணை தட்டுகளைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். பிறகு மோட்டார் சுவிட்சை இழுத்து அணைத்தான்.

சத்தம் நின்றதும் முதலாளி ஓடி வந்தார். “காய் பூராவும் நாசமாகுதுடி! போடு மோட்டாரை!”

பெண்கள் சுவிட்சுப் பலகையை மறித்து நின்றார்கள்.

“காய்ப் பக்குவமெல்லாம் எங்களுக்கு என்ன தெரியும் மொதலாளி?” என்றாள் கருத்தம்மாள். “நாங்க இன்னைக்குச் சேந்தவங்கதான?”

“வெளிய தள்ளிருவேன், நாயிகளா!”

“எல்லாரையும் தள்ளுங்க. அப்புறம் நீங்களே வந்து பெரட்டுங்க. கை சுடும், பாத்து.”

ஆபீசில் நாடா நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டாவதின் கடைசிப் பகுதி மட்டும் மச்சின் சூட்டில் சுருங்கிப் போயிருந்தது. எத்தனை முறை துடைத்தும் அது வரவில்லை. பிரிண்டர் ஐம்பத்தாறு பெயர்களை அடித்து நின்றது. விடுபட்ட பதினாறு பேரில் கருத்தம்மாள் ஒருத்தி.

நாலு மணிக்கு வந்த ஆபீசர் முன்னால் முதலாளி குரலைத் தணித்தார். “சரி, ஐம்பத்தாறு பேரை நிரந்தரமா எடுத்துக்கிறேன். பட்டியல்ல கையெழுத்துப் போடுங்க.”

கருத்தம்மாள் தலைகுனிந்தாள். “போடு மாப்ளே. கெடுத்தது நான்தான.”

பட்டியலில் முதல் பெயர் சோணையுடையது. அவன் பேனாவை மேசைமேல் வைத்தான். “பேரேட்டை எரிச்சது நீயா ஆத்தா? எழுபத்திரண்டுன்னு எழுதுங்க சார், அப்பப் போடுறோம்.”

ஐம்பத்தாறு பேரில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

தேவகிருபைக்கு அன்றே வேலை போனது. அவள் போடியில் தொழிலாளர் சங்க அறையில் உட்கார்ந்து, தான் தட்டி, நாடாவில் அழிந்துபோன பதினாறு பேரின் வேலை வருஷங்களைச் சாட்சிகளிடம் கேட்டுக் கையால் எழுதினாள். முதலாளி ஸ்டோரைப் பூட்டினார். சோணை தேவாரத்தில் கிணறு வெட்டப் போனான், கருத்தம்மாள் களையெடுக்கப் போனாள். நிரந்தரம் கேட்டுச் சங்கம் போட்ட வழக்கு மதுரைக்குப் போனது. விசாரணை நாளில் எழுபத்திரண்டு பேரும் ஒரே பஸ்சில் போனார்கள்.