பங்காளி நட்சத்திரத்துக்குக் கேதம்

நட்சத்திரம் வெடித்துச் செத்தால் பக்கத்து நட்சத்திரங்களுக்கு ஆள் அனுப்பிக் கேதம் சொல்ல வேண்டும். மலைமேல் இருந்த அந்த வானாய்வுக்கூடத்தில் அதுதான் வழக்கம்.

அன்று மத்தியானம் ஒன்று வெடித்தது. முதலில் பார்த்தவள் பச்சையம்மாள். அவள் கத்தியதும் மற்ற விஞ்ஞானிகள் ஓடிவந்தார்கள். குதித்தார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "நம்ம ஆயுசுல பாத்துட்டோம்யா!" என்று ஒருவர் அழுதார். லட்டு வந்தது. வாசலில் வாழ்த்து ஃப்ளெக்ஸ் ஏறியது. அதில் ஆறு முகங்கள். பச்சையம்மாள் முகம் இல்லை.

"சார், பாத்தது நான்."

"யாரு இல்லேன்னா? இடம் பத்தலம்மா," என்றார் இயக்குநர் ஸ்ரீவத்சன். "நீ போய்க் கேதம் சொல்லிட்டு வந்துடு. உங்க ஆளுங்களுக்குப் பழக்கம்தானே."

அவளுடைய அப்பா ஊர் ஊராகப் போய்ச் சாவுச் சேதி சொன்னவர். அந்த வேலை தன்னோடு ஒழியட்டும் என்றுதான் அவளைப் படிக்க வைத்தார்.

பச்சையம்மாள் பல்லைக் கடித்தாள். "நான் திரும்பி வரும்போது என் மூஞ்சி அதுல இருக்கணும்."

"பாப்போம், பாப்போம்."

தாழ்வாரத்தில் நடந்தாள். அது நீண்டுகொண்டே போனது. சுவர் சுட ஆரம்பித்தது. முடிவில் ஒரு கதவு. தட்டினாள். நட்சத்திரம் திறந்தது. நைட்டிமேல் துண்டு போட்டிருந்தது. பார்க்கக் கண் கூசியது.

"உங்க பங்காளி தவறிட்டாரு."

"எப்போ?"

"நாங்க பாத்தது இன்னிக்கு. செத்து ஏழாயிரம் வருசம் இருக்கும்."

"சேதி மெதுவாத்தான் வரும்." நட்சத்திரம் அழவில்லை. "எங்கிட்டயும் ஒரு சாவுச் சேதி இருக்கு. உங்க கூடத்துக்கு ஆள் விடணும்னு இருந்தேன். நீயே வந்துட்ட."

"யாரு செத்தது?"

"வாசல்ல படம் போட்டு வச்சிருக்கீங்களே, அவங்கதான். எல்லாரும்."

அவள் திரும்பியபோது ஆறு பேரும் இன்னும் குதித்துக்கொண்டிருந்தார்கள். கால்கள் தரையில் பட்டன. சத்தம் வரவில்லை.

ஸ்ரீவத்சனின் வாய் அசைந்து நின்றது. குரல் கொஞ்சம் கழித்து வந்தது. "சந்தோஷமா? உன் படத்தையும் ஒட்டச் சொல்லிட்டேன்."

வாசலுக்கு ஓடினாள். ஏணிமேல் ஒருவர் நின்று, ஏழாவது முகத்தின் ஓரங்களை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒட்டாதீங்க! இறங்குங்க!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு, தன் குரல் வந்து சேரும் என்று காத்து நின்றாள்.