அன்னக்கொடி ஜாக்கி பிடித்த பகல்

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் காலை எட்டே காலுக்கு, திருவாதவூருக்கு வெளியே சோலையின் வீட்டு வாசலில் டிராக்டருக்கு ஜாக்கி வைத்துத் திருகியபோது டிராக்டர் எழவில்லை. தரை கீழே இறங்கியது. முதல் சுற்றுக்கு நாலு விரற்கடை. ஈர மண் அமுங்குகிறது என்று நினைத்த மெக்கானிக் மருது, அடியில் பலகை கொடுத்து மேலும் ஆறு சுற்றுச் சுற்றினான். முன்னச்சை நடுவில் தாங்கும் பின் என்ற இரும்புத் தண்டையும் அதன் புஷ் வளையத்தையும் தட்டி எடுத்து, அச்சைக் கீழே இறக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான், பின்சக்கரங்கள் இரண்டும் எதன்மீதும் படாமல் முழங்கால் உயரத்தில் நிற்பதைப் பார்த்தான். வீடு, கிணறு, மாட்டுக்கொட்டம், அதை ஒட்டிய ஒன்றே முக்கால் ஏக்கர் வயல் எல்லாம் ஒரே சீராக இறங்கியிருந்தன. தெரு இருந்த இடத்திலேயே இருந்தது. வடக்கே, நிறைந்து கிடந்த கண்மாயின் கரை அன்று வழக்கத்தைவிட உயரமாகத் தெரிந்தது.

அந்த முன்னச்சு தேயத் தொடங்கிப் பல வருடம் ஆகியிருந்தது. இடுப்பில் அடிபட்ட பிறகு சோலை வண்டியில் ஏறுவதில்லை. பதினோரு வருடமாக அவன் மனைவி அன்னக்கொடிதான் ஓட்டினாள். வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று அவள் சொல்லும்போதெல்லாம் சோலை, "ஓடுதுல்ல?" என்பான். ஆட்டம் கூடியபோது எண்ணெய் டப்பாவின் தகரத்தை வெட்டி இடுக்கில் செருகினான். அவளும் ஸ்டியரிங்கை வலப்பக்கமே இழுத்துப் பிடித்து உழுதாள். அதில் அவளுடைய வலது தோள் இடது தோளைவிட ஒரு சுற்றுப் பருத்துப் போயிருந்தது.

மருது ஜாக்கியை இறக்கப் பார்த்தான். அதைத் திருகும் கம்பி பின்னால் திரும்பவே இல்லை. கையை எடுத்தால் தானாக முன்னால் சுற்றியது. ஒரு முழ ஜாக்கிக்குள்ளிருந்து இரண்டு முழத் திருகு புத்தம் புதிதாக எண்ணெய்ப் பளபளப்புடன் வெளியே வந்துகொண்டிருந்தது. ஓடிவந்த மூன்று இளவட்டங்கள் சேர்ந்து பிடித்தார்கள். கம்பி மூவரையும் உதறிவிட்டு ஒரு சுற்று ஓடியது. பக்கத்து வயல்களின் தண்ணீர் வரப்பைத் தாண்டி உள்ளே விழும் சத்தம் கேட்டது. அப்போது அன்னக்கொடி குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் கம்பியைப் பற்றினாள். அது நின்றது. இத்தனை வருடம் ஸ்டியரிங்கில் அவள் எதிர்த்து நின்ற அதே இழுப்புதான் என்பது பிடித்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்தது.

"யக்கா, விட்றாதீங்க. முன்னச்சு ஏறாம இது எறங்காது. கப்பலூர் லேத்துல புதுப் பின்னு கடைஞ்சுட்டு வாரேன்," என்று மருது தேய்ந்த பின்னைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பைக்கை எடுத்தான். அந்தப் பின் நடுவில் கரும்புக் கணு இடைவெளி போல ஒடுங்கியிருந்தது.

"எம்புட்டு நேரமாகும்?" என்றாள் அன்னக்கொடி.

"மூணு மணிக்குள்ள வந்துருவேன்."

பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ரோகிணியைக் கட்டிலோடு தூக்கித் தெருவில் ஏற்றினார்கள். மாடுகளை ஏற்றினார்கள். "அம்மா, விட்டுட்டு மேல வாம்மா" என்று ரோகிணி அழுதாள். அன்னக்கொடி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் காது முழுக்கக் கண்மாய்க் கரையில் இருந்தது. வயல் இறங்கியதில் கரையின் அடிமண் வெளியே தெரிந்து பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம் இறங்கினால் கரை நிற்காது என்று ஊரில் யாரும் அவளிடம் சொல்லவில்லை; சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. பதினொரு மணிக்குத் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. பன்னிரண்டு மணிக்கு நண்டுகளும் ஒரு தண்ணீர்ப் பாம்பும் அவளைத் தாண்டி வீட்டுக்குள் போயின. ஒன்றரைக்கு அவளுக்குத் தும்மல் வந்தது. அந்த ஒரு தும்மலுக்குத் தரை அரை முழம் இறங்கியது. தெருவிலிருந்தவர்கள் கத்திக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். கரையிலிருந்து ஆள் பருமன் கட்டி ஒன்று பெயர்ந்து வயலில் விழுந்தது.

சோலை ஓடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்துவந்து அவளுக்குப் பின்னால் நின்றான். தண்ணீர் ஏற ஏற அவள் எழுந்து, குனிந்தபடி கம்பியைப் பிடித்திருந்தாள்.

"நான் மாத்திக்கிடட்டுமா?"

"வேணாம். உங்களுக்கு இதோட இழுப்பு தெரியாது."

அவன் கம்பியையும் அவளுடைய வலது தோளையும் பார்த்தான். பிறகு, "தெரியாதுதான்," என்றான். "நீ சொன்னப்பல்லாம் கேட்டிருக்கணும்." அவன் இரண்டு கையாலும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவள் வலப்பக்கம் இழுக்கும்போது தானும் வலப்பக்கம் சாய்ந்தான்.

மருது வந்தபோது மணி நாலே கால். லேத்தில் கரண்டு போய்விட்டதாம். தண்ணீருக்கு அடியில் தடவித் தேடி நாலு பேர் முன்னச்சைத் தூக்கிப் பிடித்தார்கள். டிராக்டர் தலைக்குமேல் இருந்ததால் மருது நெல் அவிக்கும் அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, புஷ்ஷை அடித்து, கிரீஸ் தடவிப் பின்னைச் செருகினான். அது 'டக்' என்று உட்கார்ந்த கணத்தில் அன்னக்கொடியின் கையில் இருந்த இழுப்பு நின்றது. அவள் கம்பியைப் பின்னால் திருகினாள். தரை ஏறியது. ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீர் வயல்களுக்குத் திரும்பியது. இருட்டுவதற்குள் நாலு சக்கரமும் மண்ணில் பதிந்தன. அதன் பிறகும் அவள் விரல்கள் விரியவில்லை. சோலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து வெந்நீரில் வைத்தான்.

கடைசி ஒரு சாணுக்கு மட்டும் தரை ஏறவில்லை; டிராக்டர்தான் இறங்கியிருந்தது. மறுவாரம் நிலத்தை அளக்க வந்தவர் அதைக் குறித்துக்கொண்டார்; சோலை தெருவிலிருந்து வாசலுக்கு ஒரு படி கட்டினான். ரோகிணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. டிராக்டர் நேராக ஓடுகிறது. சுற்றுப்பட்டில் யார் எந்த வண்டிக்கு ஜாக்கி வைத்தாலும் இப்போது முதலில் அன்னக்கொடிக்கு போன் போடுகிறார்கள். அவள் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வருகிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, டயரைக் கழற்றி மாட்டி முடிக்கும்வரை தரையையே பார்த்தபடி நிற்கிறாள். அப்போது அவளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.